'காட்டு வாத்து' நாடகத்தின் ஹெட்விக்: கவனிப்பாரற்ற மகளைப் பாத்திரமாக ஆராய்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹென்ரிக் இப்சனின் 'காட்டு வாத்து' 1884இல் நூலாக வந்தது. 1885 ஜனவரியில் நார்வேயின் பெர்கன் நகரில் முதன்முதலாக மேடையேறியது. ஐந்து அங்கங்கள் கொண்ட இந்த நாடகத்தில் வரும் ஹெட்விக்கைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்களும் அவளாக நடிக்கப்போகிறவர்களும் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே தந்து பதில் எழுதியிருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நகர்வதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. நாடகத்தை இன்னும் முழுசாப் படிக்கல. ஹெட்விக் யாரு, அந்த வீட்டுல என்ன நிலைமை?

யால்மார் எக்டால், கீனா தம்பதியின் ஒரே மகள். வயது 14. அவர்கள் குடியிருக்கும் வீடே ஒரு புகைப்படக் கூடம். தொழில் அப்பா பேரில் நடக்கிறது, ஆனால் வேலையை இழுத்துப் போட்டுச் செய்கிறவள் அம்மா. அப்பா ஏதோ பெரிய கண்டுபிடிப்பைப் பற்றிச் சோபாவில் சாய்ந்து யோசித்துக்கொண்டிருப்பான். தாத்தா ஒருகாலத்தில் ராணுவ அதிகாரி, சிறைக்குப் போய் வந்து நொடிந்தவர். பின்பக்கப் பரணில் கோழி, புறா, முயல் எல்லாம் வளர்கின்றன. ஒரு காட்டு வாத்தும் உண்டு. அந்த வாத்து ஹெட்விக்குடையது. அவளுக்குப் பார்வை மெல்ல மங்கி வருகிறது, ஆனால் இதை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

கீனா திருமணத்துக்கு முன் பணக்கார வியாபாரி வெர்லேயின் வீட்டில் வேலை பார்த்தவள். அப்போது அவருக்கும் அவளுக்கும் தொடர்பு இருந்தது. வெர்லேயின் மகன் கிரேகர்ஸ், யால்மாரின் பழைய நண்பன். உண்மையைச் சொன்னால் நண்பனின் குடும்பம் தூய்மையாகிவிடும் என்று நம்பி எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறான். யால்மார் மகளை உதறித் தள்ளுகிறான். 'உனக்கு மிகப் பிரியமான வாத்தை அப்பாவுக்காகப் பலிகொடு' என்று கிரேகர்ஸ் சிறுமிக்கு யோசனை சொல்கிறான். ஐந்தாம் அங்கத்தில், அவளுடைய பிறந்தநாள் காலையில், வாத்து உயிரோடு இருக்க ஹெட்விக் பரணில் இறந்து கிடக்கிறாள்.

2. அப்பா அவளை அவ்வளவு கொஞ்சுறாரே! அடிக்கல, திட்டல. இதை எப்படிப் புறக்கணிப்புன்னு சொல்றீங்க?

கொஞ்சுவது வேறு, கவனிப்பது வேறு. இந்த நாடகம் முழுக்க அந்த இடைவெளியில்தான் நிற்கிறது. யால்மாரின் பாசம் பொய்யல்ல. மகளைப் பற்றிப் பேசினாலே தொண்டை கம்மிவிடும். ஆனால் பேச்சு முடிந்ததும் அவள் அவன் நினைவிலேயே இருக்க மாட்டாள்.

இரண்டாம் அங்கத்தில் ஒரு காட்சியை அருகில் வைத்துப் பாருங்கள். வெர்லே வீட்டு விருந்துக்குப் போன அப்பா தின்ன ஏதாவது கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறான். வந்ததும் விருந்தில் தான் பேசியதைப் பற்றி அளக்கிறான். அவள் கோட்டைப் பிடித்து இழுத்து நினைவூட்டுகிறாள். மறந்தே போய்விட்டது. சட்டென்று ஏதோ நினைவு வந்தவனாகப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டுகிறான். அது விருந்தின் உணவுப் பட்டியல். 'இதைப் படி, ஒவ்வொன்றும் எப்படி ருசித்தது என்று நான் சொல்கிறேன்' என்கிறான். அவள் கண்ணீரை விழுங்கிக்கொண்டு நன்றி சொல்கிறாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குத்தான் மனத்தாங்கல். குடும்பத் தலைவன் ஒரு சின்ன விஷயத்தை மறந்துவிட்டால் உடனே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்களாம்.

தின்பண்டத்துக்குப் பதில் அதன் பெயர் எழுதிய காகிதம். ஹெட்விக்குக் கிடைக்கிற பாசத்தின் வடிவமே இதுதான். இதைவிடத் தெளிவாக ஒரு திட்டோ அடியோ காட்டியிருக்க முடியாது.

3. எங்கிருந்து ஆரம்பிக்கணும்? நோட்டை எடுத்து வெச்சு உட்கார்ந்தா 'பாவம், அப்பாவி'ங்கிறதுக்கு மேல எதுவும் வர மாட்டேங்குது.

புறக்கணிப்பு என்பது நடக்காமல் போனவற்றின் தொகுப்பு. நடந்ததை மட்டும் குறித்துக்கொண்டு போனால் அது கண்ணில் படாது. அதனால் நாடகத்தை மூன்று முறை படியுங்கள். முதல் முறை கதைக்காக, பென்சில் இல்லாமல். இரண்டாம் முறை ஹெட்விக் மேடையில் இருக்கும் பக்கங்களை மட்டும், மேடைக்குறிப்புகளை வாய்விட்டு. மூன்றாம் முறை அவள் மேடையில் இல்லாத பக்கங்களை, அவளைப் பற்றி யார் என்ன சொல்கிறார்கள் என்று மட்டும் தேடி.

பிறகு ஒரு தாளில், அட்டவணை போல, நெடுக்காக நான்கு பத்திகள் போடுங்கள். அவளுக்குக் கொடுக்கப்பட்ட வாக்கு, உண்மையில் அவள் கைக்கு வந்தது, அந்த நேரத்தில் அவள் செய்தது, அதைப் பார்த்தவர் யார். முதல் வரிசை தயாராகவே இருக்கிறது: தின்பண்டம், உணவுப் பட்டியல், கண்ணீரை விழுங்கி நன்றி சொன்னது, அம்மா. நாடகம் முழுவதற்கும் ஏழெட்டு வரிசை தேறும். அதற்குமேல் போனால் ஒரே விஷயத்தை இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள் என்று பொருள்.

பெரும்பாலோர் சறுக்குவது மூன்றாம் பத்தியில். 'வருந்தினாள்', 'ஏங்கினாள்' என்று எழுதிவிடுகிறார்கள். அது நாம் ஊகிப்பது, அவள் செய்தது அல்ல. 'பீர் கொண்டுவரட்டுமா என்று கேட்டாள்', 'தூரிகையை வாங்கிக்கொண்டாள்' என்பதுபோல் கையோ காலோ வாயோ செய்ததை மட்டும் எழுதுங்கள். நான்காம் பத்தி பல இடங்களில் காலியாக இருக்கும். இருக்கட்டும், நிரப்ப முயலாதீர்கள்.

4. முதல் அங்கத்துல அவ வரவே இல்லையே. அதைத் தாண்டிப் போயிடலாமா?

கூடாது. முதல் அங்கத்தில் யால்மார் மகளாக இல்லாத ஒருவருக்குச் செய்வதைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். விருந்தினர் நடுவே அவனுடைய வயதான தந்தை, வேறு வழி இல்லாமல், கூடத்தைக் கடந்து போகிறார். மகன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். பிறகு கேட்டால், யார் என்று கவனிக்கவில்லை என்கிறான். அவமானம் வரும்போது தன் இரத்தத்தைக்கூடத் தெரியாதது போலக் காட்டிக்கொள்ள அவனால் முடியும் என்பது அங்கேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. நான்காம் அங்கத்தில் மகளைத் தள்ளிவிடும்போது அது திடீர் மாற்றமாகத் தோன்றினால், முதல் அங்கத்தைச் சரியாகப் படிக்கவில்லை.

இன்னொன்று, விருந்தில் மதுவைப் பற்றி மற்றவர்கள் அவனுக்குச் சொன்னதை, வீட்டில் தானே அவர்களுக்குப் பாடம் எடுத்ததாக மாற்றிச் சொல்கிறான். கேட்டு வியப்பவர்களில் ஹெட்விக்கும் ஒருத்தி. அவள் வணங்கும் அப்பா எதனால் ஆனவன் என்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

5. ரெண்டாம் அங்கம் தொடங்குறப்போ அம்மாவும் மகளும் செலவுக் கணக்கு எழுதுறாங்க. வெண்ணெய், ரொட்டின்னு ஓடுது. இதுல என்ன ஆராயறது?

ஹெட்விக்கின் வேலை என்ன என்பது அங்கேதான் தெரிகிறது. திரை விலகும்போது அவள் கண்ணுக்கு மேல் கைகளைக் குவித்து, கட்டைவிரல்களால் காதை அடைத்து ஒரு புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறாள். இந்த ஒரு மேடைக்குறிப்பில் மங்கும் பார்வையும், சத்தத்திலிருந்து ஒதுங்கித் தனக்கென ஓர் உலகம் வைத்திருப்பதும் இருக்கின்றன. அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

பிறகு கணக்கு. இந்த வீட்டில் வெண்ணெய் செலவு பயங்கரம் என்று பேசிக்கொள்கிறார்கள். அப்பா வெளியே சாப்பிடுவதால் இவர்களுக்குச் சூடான சமையல் வேண்டியிருக்கவில்லை, அது ஒரு மிச்சம். இந்தப் பேச்சு எதிலும் புகார் இல்லை. அவன் வயிற்றை ஒட்டியே வீட்டு அடுப்பு எரிகிறது என்பது சர்வ சாதாரணமாக வந்து போகிறது. வெண்ணெயை நினைவில் வையுங்கள். ஐந்தாம் அங்கத்தில், மகளை உதறிய மறுநாள், வீட்டைவிட்டுப் போகப் பெட்டி கட்டுகிற யால்மார் நடுவில் ரொட்டி தின்ன உட்கார்ந்து, வெண்ணெய் இல்லையா என்று தேடுவான். கீனா கொண்டுவந்து வைப்பாள்.

இதே காட்சியில் அம்மா ஒரு கேள்வி கேட்கிறாள்: மாலையில் அப்பா வரும்போது சொல்ல நல்ல சேதி இருந்தால் உனக்கு அவ்வளவு பிடிக்குமா? ஆமாம், அப்போது வீடு கொஞ்சம் இதமாக இருக்கும் என்கிறாள் ஹெட்விக். வீட்டின் மனநிலையைத் தூக்கி நிறுத்துவது தன் பொறுப்பு என்று 14 வயதில் கற்றுக்கொண்டுவிட்டாள். உணவுப் பட்டியல் காட்சிக்குப் பிறகு அவளே புல்லாங்குழலையும் பீரையும் நினைவுபடுத்தி அப்பாவைத் தேற்றுவது இதன் தொடர்ச்சி. ஏமாந்தவள் ஏமாற்றியவனைச் சமாதானம் செய்கிறாள்.

6. அம்மா கீனா பாவம், எல்லா வேலையும் அவங்கதான் செய்றாங்க. அவங்களையும் குத்தம் சொல்லணுமா?

குற்றம் சொல்ல வேண்டாம், ஆனால் கணக்கில் சேர்க்க வேண்டும். படித்தது போதும், அப்பாவுக்குப் பிடிக்காது என்று சொல்லித் தடுப்பவள் அவள்தான். நான்கு பத்தித் தாளில் 'பார்த்தவர்' என்ற இடத்தில் அடிக்கடி வரும் பெயரும் அவளுடையதுதான். பார்க்கிறாள். ஆனால் பார்த்ததைச் சொல்ல மாட்டாள், ஏனென்றால் அந்த வீட்டில் சொல்லாமல் விட்ட ஒன்றின் மேல்தான் அவளுடைய பதினைந்து வருட மணவாழ்க்கை நிற்கிறது. கணவன் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வதை மகளுக்குப் பழக்கியவளும் அவளே.

7. ஹெட்விக் பள்ளிக்கூடம் போகாதது கண்ணு சரியில்லாததாலதானே? அது அக்கறைதானே?

பாதி அக்கறை. மூன்றாம் அங்கத்தில் கிரேகர்ஸ் கேட்கும்போது அவளே சொல்கிறாள்: கண் கெட்டுவிடும் என்று அப்பா பயப்படுகிறார், தானே வீட்டில் சொல்லித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார், இன்னும் நேரம் கிடைக்கவில்லை. நேரமில்லாத அந்த அப்பா பரணில் வாத்துக்குத் தண்ணீர்த்தொட்டிக்குப் போக வழி அமைத்துக்கொண்டிருக்கிறான். தாளில் இரண்டாவது வரிசை இது: வாக்கு வீட்டுப் பாடம், கைக்கு வந்தது ஒன்றுமில்லை.

மூன்றாவது வரிசையும் அதே அங்கத்தில் இருக்கிறது. படங்களைத் திருத்தும் நுணுக்க வேலை யால்மாருக்குக் கசக்கிறது. பரணுக்குப் போக மனம் அரிக்கிறது. ஹெட்விக் தானே செய்வதாகக் கேட்கிறாள். கண் கெட்டுவிடும் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டுத் தூரிகையைக் கொடுத்துவிடுகிறான். கொடுக்கும்போது, கண்ணுக்கு ஏதாவது ஆனால் நான் பொறுப்பில்லை, நீயாகச் செய்கிறாய் என்றும் சேர்த்துக்கொள்கிறான். படிக்க மட்டும் கெடும் கண் வேலை செய்யக் கெடாது போல. பொறுப்பு குழந்தையின் தலைக்கு மாறுவதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் இடம் நாடகத்தில் வேறில்லை. கட்டுரையில் ஒரே ஒரு மேற்கோள்தான் அனுமதி என்றால் இதை எடுங்கள்.

8. பதினாலு வயசுப் பொண்ணு மாதிரியே இல்லையே, ஏழு வயசுக் குழந்தை மாதிரி பேசுறா. எழுத்தாளர் தப்புப் பண்ணிட்டாரா?

இல்லை. இரண்டு வயதும் அவளுக்குள் இருக்கின்றன, வீட்டார் ஒன்றை மட்டும் பார்க்கிறார்கள். இரவில் வாத்துக்காகப் பிரார்த்தனை செய்கிற குழந்தை அவள். அதே பெண், கூடை முடையக் கற்றுக்கொள் என்று அப்பா சொன்னதை மனசுக்குள் நிராகரித்து, ஆங்கிலப் புத்தகங்களில் பார்த்த மாதிரி படம் செதுக்கக் கற்க வேண்டும் என்று தன் ஆசையைத் தெளிவாகச் சொல்கிறாள். வெளியே போகாமல், ஒத்த வயதினர் ஒருவர்கூட இல்லாமல், தாத்தாவோடும் பறவைகளோடும் வளர்ந்த பெண் வேறு எப்படிப் பேசுவாள்?

நான்காம் அங்கத்தில் மருத்துவர் ரெல்லிங் சொல்வதைத் தவற விடாதீர்கள். பெரியவர்கள் சண்டையில் ஹெட்விக்கை இழுக்காதீர்கள், அவள் ஆபத்தான வயதில் இருக்கிறாள், தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்துகொள்ளக்கூடும் என்கிறார். உடனே கீனா, ஆமாம், அவள் அடுப்பங்கரையில் நெருப்போடு விளையாட ஆரம்பித்திருக்கிறாள், வீடு பற்றி எரிகிற விளையாட்டாம் என்கிறாள். இவ்வளவு பெரிய எச்சரிக்கைக்கு யால்மாரின் பதில், நான் உயிரோடு இருக்கும்வரை குழந்தைக்கு என்ன என்ற ஒரு வீர வசனம். அதன்பின் யாரும் எதுவும் செய்வதில்லை. அதே அங்கம் முடிவதற்குள் மகளிடம், கிட்டே வராதே, உன்னைப் பார்க்கவே முடியவில்லை என்கிறான். தாளில் இதற்கு ஒரு தனி வரிசை.

9. காட்டு வாத்துதான் ஹெட்விக்னு எழுதினா போதுமா? எல்லா வழிகாட்டியிலயும் அப்படித்தான் இருக்கு.

தனியாக அது போதாது. வெர்லே சுட்டு, சிறகில் அடிபட்டு, நீருக்கடியில் மூழ்கி, நாய் கவ்விக் கொண்டுவந்து, கடைசியில் பரணுக்கு வந்து சேர்ந்த வாத்து அது. அடிபட்டு ஆழத்தில் மூழ்கியவர் என்று பார்த்தால் தாத்தாவும் வாத்துதான். யால்மாரையே அப்படித்தான் பார்க்கிறான் கிரேகர்ஸ், தன்னை அவனை மேலே இழுத்து வரும் நாயாகவும். ஆக, குறியீட்டை அவரவர் தங்கள் வசதிக்கு எடுத்துக்கொள்கிறார்கள். நீங்களும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடக் கூடாது.

ஹெட்விக் வாத்தைப் பற்றித் தானே என்ன சொல்கிறாள் என்பதில் நில்லுங்கள். இரண்டு இடங்கள் முக்கியம். ஒன்று, மூன்றாம் அங்கத்தில்: அதை யாருக்கும் தெரியாது, எங்கிருந்து வந்தது என்றும் யாருக்கும் தெரியாது. தன் பிறப்பைப் பற்றிய சந்தேகம் எதுவும் அவளுக்கு இல்லாத நேரத்தில் சொன்னது. இரண்டாவது, நான்காம் அங்கத்தில் அப்பா ஓடிப்போன பிறகு: நான் அவருடைய சொந்த மகள் இல்லையோ என்னவோ, அப்படியே இருந்தாலும் பிரியமாக இருக்கலாமே, வாத்துகூட நமக்கு யாரோ கொடுத்ததுதான், நான் அதன் மேல் உயிராக இல்லையா? பெரியவர்கள் யாருக்கும் வராத ஒரு நியாயம் இங்கே அவள் வாயிலிருந்து வருகிறது. குறியீடு என்று ஒரு வரி எழுதி விலகுவதைவிட, இந்த வாதத்தை அவளே கட்டுகிறாள் என்று காட்டினால் பாத்திரம் எழுந்து நிற்கும்.

10. கண் நோய் பரம்பரைன்னு சொல்றாங்க, வெர்லேக்கும் பார்வை போகுது. அப்போ அவ வெர்லேயோட மகள்னு உறுதிதானே?

உறுதி இல்லை, உறுதியாகக்கூடாது என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. யால்மார் பரம்பரை நோய் என்றதும் கிரேகர்ஸ் திடுக்கிடுகிறான். உடனே கீனா, யால்மாரின் அம்மாவுக்கும் பார்வை பலவீனம் என்கிறாள். யால்மாருக்கு அம்மாவை நினைவில்லை, அப்பா சொல்லக் கேட்டதுதான். கீனா அவசரமாகச் சமாளித்தாளா, உண்மையைச் சொன்னாளா? இரண்டுக்கும் இடமுண்டு. நான்காம் அங்கத்தில் குழந்தை என்னுடையதா என்று நேரடியாகக் கேட்கும்போது, எனக்குத் தெரியாது என்பதே அவள் பதில்.

ஆய்வில் இதை ஒரு பத்திக்கு மேல் இழுக்காதீர்கள். யாருடைய மகள் என்ற கேள்வியில் மூழ்கினால், யால்மார் செய்த அதே காரியத்தை நாமும் செய்கிறோம்: எதிரே நிற்கும் பெண்ணை விட்டுவிட்டு அவள் பிறப்பைப் பார்ப்பது. நாடகத்துக்குத் தேவை சந்தேகம் மட்டுமே. வெர்லே அனுப்பிய கடிதத்தையும் அந்தக் கண்ணோடு படியுங்கள். தாத்தாவுக்கு மாதம் நூறு குரோனர், அவருக்குப் பின் அது ஹெட்விக்குக்கு என்று அதில் இருக்கிறது. அவள் அதைப் பிறந்தநாள் பரிசாக எண்ணி, எல்லாவற்றையும் அப்பா அம்மாவுக்கே தருவேன் என்கிறாள். அதே தாள் அப்பாவுக்குச் சாட்சியமாகிறது, கிழித்துப் போடுகிறான்.

11. உண்மையில எல்லாத்துக்கும் காரணம் கிரேகர்ஸ்தானே? அவன் வராட்டி ஒண்ணும் ஆகியிருக்காதே?

பலிகொடுக்கும் எண்ணத்தை விதைத்தவன் அவன்தான், தப்பில்லை. ஆனால் ஏன் அது அவளிடம் முளைத்தது என்பதே ஆய்வுக் கேள்வி. 5ஆம் பதிலில் பார்த்தபடி, அப்பாவின் மனதைச் சரிசெய்வது தன் வேலை என்று பழகியவள் அவள். உணவுப் பட்டியலுக்கு நன்றி, தூரிகை, கடிதத்தைக் கொடுத்துவிடுவது என்று ஒவ்வொரு முறையும் தன்னிடம் இருப்பதில் ஒன்றைக் கழற்றித் தந்திருக்கிறாள். கிரேகர்ஸ் கேட்டது அந்தப் பட்டியலில் அடுத்தது.

தவிர, அவளோடு உட்கார்ந்து கேள்வி கேட்டு, பதிலைக் காதுகொடுத்துக் கேட்ட முதல் பெரியவன் அவன். வீட்டில் கிடைக்காத கவனம் அவனிடம் கிடைக்கிறது. அந்தக் கவனத்துக்குப் பின்னால் இருப்பது அவளல்ல, அவனுடைய கொள்கை. மறுநாள் காலையில் அந்த யோசனை தனக்கு அவ்வளவாகப் படவில்லை என்று அவளே சொல்கிறாள். விட்டுவிடு என்று சொல்ல அப்போது பக்கத்தில் ஆள் இல்லை.

12. கடைசியில நடந்தது தியாகமா, ஏமாற்றமா, விபத்தா? எதை எழுதுனா மார்க் குறையாது?

நாடகத்தில் இதற்கே மூன்று குரல்கள் இருக்கின்றன. கிரேகர்ஸுக்கு அது வீணாகாத பலி. ரெல்லிங் தடயத்தை வைத்து, தெரிந்தே செய்துகொண்டது, விபத்தல்ல என்கிறார். யால்மாருக்கு அது தன் துயரம். ரெல்லிங் சொல்வதைத்தான் நாம் விபத்துக்கு எதிரான சாட்சியாக வைக்க முடியும். ஏன் செய்தாள் என்பதற்கு அவளுடைய வாயிலிருந்து ஒரு சொல்கூட இல்லை.

காட்சி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று எழுதுங்கள். அன்று காலை அப்பா வீட்டுக்கு வந்து, தனக்குச் சம்பந்தமில்லாதவர்கள் எதிரே வரக்கூடாது என்கிறான். என்னையா சொல்கிறார் என்று அம்மாவிடம் நடுங்கிக் கேட்கிறாள். பரணுக்குள் போகிறாள். இப்பால் யால்மார், எனக்காக உயிரைத் தருவாயா என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்று வழக்கம்போல் வாய்ப்பந்தல் போடுகிறான். பரணிலிருந்து சத்தம். அவள் அதைக் கேட்டாளா? தாங்க முடியாத ஒதுக்கலா, அன்பை நிரூபிக்கவா, இரண்டும் கலந்தா? இப்சன் கதவை மூடியே வைத்திருக்கிறார். மூன்றில் ஒன்றை அடித்துச் சொல்கிற கட்டுரையைவிட, எந்தச் சான்று எதுவரை போகும் என்று கோடு போட்டுக் காட்டும் கட்டுரைக்கு மதிப்பு அதிகம். 'உன்னத தியாகம்' என்று மட்டும் முடிக்காதீர்கள். அது கிரேகர்ஸின் வாசகம், இறந்தது ஒரு குழந்தை.

13. அந்த 'சம்பந்தமில்லாதவர்கள்'ங்கிற வார்த்தையைத் தமிழ்ல எப்படி வெக்கிறது? 'அந்நியர்'னா சரியா?

மூலத்தில் இருப்பது, அங்கே இருக்க உரிமையோ தொடர்போ இல்லாத ஆள் என்ற பொருளில், அலுவலகக் கதவில் எழுதி வைப்பது போன்ற உலர்ந்த சொல். 'அந்நியர்' சற்றுக் காவியமாகிவிடுகிறது. 'வேண்டாதவர்' என்றால் வெறுப்பு வெளிப்படையாகிவிடுகிறது. 'சம்பந்தமில்லாதவர்கள்' பொருந்துகிறது, ஏனென்றால் தமிழில் சம்பந்தம் என்பதில் உறவும் இருக்கிறது. அப்பா பொதுவாகச் சொல்ல, மகள் காதில் அது உறவை அறுப்பதாக விழும். பன்மையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லித் திட்டாததுதான் அந்த அடியின் கூர்மை.

14. நான் ஹெட்விக்கா நடிக்கிறேன். எங்கெல்லாம் அழணும்?

குறைவாக. உணவுப் பட்டியல் காட்சியில் குறிப்பு 'கண்ணீரை விழுங்கி' என்கிறது, விழுங்குவதை நடியுங்கள். அங்கே கண்ணீர் வழிந்துவிட்டால் நான்காம் அங்கத்தில் அப்பாவின் மேல் விழுந்து கதறும்போது கையில் எதுவும் மிச்சமிருக்காது. முதல் மூன்று அங்கங்களில் அவள் சுறுசுறுப்பான, ஆசைகள் உள்ள, சில சமயம் வேடிக்கையான பெண். சோகத்தை முன்கூட்டியே முகத்தில் பூசினால் பார்வையாளர் முதல் காட்சியிலேயே அவளைப் பாவம் என்று ஒதுக்கிவிடுவார்கள், அப்பாவைப் போலவே.

கண் பிரச்சினையைத் தடவித் தடவி நடப்பதாகக் காட்டாதீர்கள். அவளுக்கே தெரியாத நோய் அது. படிக்கும்போது தாளை முகத்தருகே கொண்டுபோவது, விளக்குப் பக்கம் திரும்பி உட்காருவது போதும். ஒத்திகையில் ஒரு பயிற்சி பலன் தரும்: வசனமே இல்லாமல், அவள் கைகள் செய்யும் வேலைகளை மட்டும் அங்கம் அங்கமாகச் செய்து பாருங்கள். எத்தனை முறை பிறருக்காக எழுந்திருக்கிறீர்கள் என்று ஒருவர் எண்ணட்டும். ஐந்தாம் அங்கத்தில் அந்த வேலைகள் நின்றுபோவது அப்போது உடம்புக்குத் தெரியும். அந்த அங்கத்துக்கு இப்சன் கேட்கும் வெளிச்சம், குளிர்ந்த சாம்பல்நிறக் காலை, கூரைக் கண்ணாடியில் ஈரப்பனி. விளக்குக்காரர் அதைக் கொடுத்துவிட்டால் நீங்கள் கூடுதலாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

15. கட்டுரைக்கு 800 வார்த்தைதான் இடம். எப்படிப் பிரிக்கிறது?

கதைச் சுருக்கம் 80 வார்த்தைக்குள். உணவுப் பட்டியலுக்கு 200. தூரிகைக்கும் பள்ளிக்கும் சேர்த்து 200. வாத்தைப் பற்றி அவளே கட்டும் வாதத்துக்கு 150. மிச்சம் முடிவுக்கு. கிரேகர்ஸ் பற்றித் தனிப் பத்தி வேண்டாம், முடிவுக்குள் வரட்டும். வெட்ட வேண்டி வந்தால் பிறப்பைப் பற்றிய பகுதியை முதலில் வெட்டுங்கள்.

வாக்கியத்தை எப்படி இறுக்குவது என்பதற்கு ஒரு மாதிரி. 'ஹெட்விக் தந்தையின் அன்புக்கு ஏங்கும் பாவப்பட்ட பெண்' என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு, 'ஏமாற்றிய தந்தைக்கு ஹெட்விக் பீர் கொண்டுவரட்டுமா என்று கேட்கிறாள்' என்று எழுதிப் பாருங்கள். ஏக்கம், பாவம் இரண்டும் வாசகர் மனதில் தானே வரும்.

16. இந்த நாலு பத்தி முறை வேற நாடகத்துல வர்ற மகளுக்கும் வருமா?

வரும், ஒரு திருத்தத்தோடு. வாக்கே கொடுக்காத பெற்றோர் உள்ள நாடகத்தில் முதல் பத்தி காலியாக நிற்கும். அங்கே 'அவள் கேட்டது' என்று தலைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். கேட்கவும் விட்டுவிட்டவள் என்றால், எந்தப் பக்கத்தில் கேட்பதை நிறுத்தினாள் என்று தேடிக் குறியுங்கள். ஹெட்விக் விஷயத்தில் அது ஐந்தாம் அங்கம், அம்மாவிடம் 'என்னையா சொல்கிறார்' என்று கேட்டதற்குப் பிறகு.